முப்புரி கண்ட மூதறிஞர்

இராமாநுசர் தோன்றிய திருப்பெரும்பூதூரை இந்நாளில் ஸ்ரீபெரும்புதூர் என வழங்குவர். அதன் அயலே பிள்ளைப்பாக்கம் என்னும் ஊர் உளது. ஏரியால் அறியப்பட்டிருந்த இவ்வூரும், ஒரகடமும் இன்று ஆலைகளால் பெயர்பெற்று விளங்குகின்றன. ஊர்திகளும் மின்னணுக் கருவிகளும் இவ்வட்டாரத்தில் நாள்தோறும் செய்யப்படுகின்றன. மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரகடத்தில் தனிப் பூங்கா ஒன்று அமைக்க 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது.

எந்திரத்தில் ஓர் உறுப்பு தேய்ந்தால், அதைப் போன்ற பிறிதொன்றை வார்த்துப் பொருத்திவிடலாம். மனித எலும்பு சிதைந்து ஒரு துண்டே இல்லாது போனால் என் செய்வது? அவ்விடத்தில் எலும்பையே மீண்டும் வளரச் செய்வதற்கு அறிஞர் ஒரு வழி கண்டுள்ளனர். வீடு கட்டுவோர் முதலில் சாரம் கட்டுவது போலக் கொலாஜன் என்னும் புரதத்தால் ஒரு சாரம் அமைத்து, அதன்மேல் எலும்பின் உப்பைப் படியவைத்து, பழுதுற்ற இடத்தில் பொருத்துகின்றனர். உடலின் உயிரணுக்கள் அச்சாரத்தைப் பற்றிக்கொண்டு புதிய எலும்பைக் கட்டுகின்றன.

அக்கொலாஜனின் உள்ளமைப்பு யாது என்னும் வினா உலகத்துப் பேரறிஞர் பலரை மயக்கிய காலம் ஒன்று இருந்தது. அம்மயக்கம் தெளிந்தது நம் சென்னையில். பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேரும். அவ்வேரியின் மிகுநீர் அடையாற்றில் ஓடும். அந்த அடையாறு சென்னையைக் கடந்து கடலை நாடும் வழியில், கிண்டியின் பக்கத்தில், பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் இருந்து பணியாற்றியவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

அவர் வரலாற்றைக் கூறுமுன் எலும்பைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கோழியின் கால் எலும்பு ஒன்றைக் காடியில் சில நாள் ஊறவைத்துப் பாருங்கள். அதிலுள்ள சுண்ண உப்பு கரைந்துவிடும். எலும்பு தன் வடிவம் மாறாமலே வளைந்து கொடுக்கும். மற்றோர் எலும்பைத் தீயிலிட்டு நன்கு எரித்தால் உப்பு மட்டும் எஞ்சும். அது கையால் நெரித்தவுடன் பொடியாகும். உப்பு இல்லையேல் எலும்பு துவளும். புரதம் இல்லையேல் நொறுங்கும். இவ்விரண்டும் கூடிய கூட்டே எலும்பின் வலிமை. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உப்பாகும்; எஞ்சியதன் பெரும்பகுதி கொலாஜன். தோலும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் இப்புரதத்தால் ஆனவையே.

கொலாஜன் என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் பசையைப் பிறப்பிப்பது என்பது பொருள். நம் தச்சர் மரத்தை ஒட்டுவதற்கு விலங்கின் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைப் பயன்படுத்தினர். அதற்கு வச்சிரம் என்று பெயர். ததீசி முனிவரின் முதுகெலும்பே இந்திரனுக்கு வச்சிராயுதம் ஆயிற்று என்பது புராணம். எலும்பிலும் தோலிலும் இருப்பது ஒரே பொருள் என்பதை அறியாமலே இரண்டிற்கும் ஒரு பெயர் வந்து அமைந்த பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது.

இராமச்சந்திரனின் முன்னோர் ஊர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கோபாலசமுத்திரம். அவர் பிறந்தது கொச்சி நாட்டு எர்ணாகுளத்தில், 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள். தந்தையார் நாராயண ஐயர் அந்நகரத்து மகாராசாக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பின்னர் அதன் முதல்வரும் ஆனார். தாயார் இலக்குமி அம்மாள். கணக்கில் ஆர்வத்தை மைந்தருக்கு ஊட்டியவர் தந்தையே. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இராமச்சந்திரன், 1942ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார்.

அவ்வாண்டே பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். ஆயின் அவர் உள்ளம் இயற்பியலிலேயே தோய்ந்திருந்தது. அங்கே இயற்பியல் துறையை நடத்தி வந்தவர் சர் சி. வி. இராமன். இவ்விளைஞர் மின்பொறியியலுக்கு மிஞ்சிய கூர்மை உடையவர் என்று அத்துறைத் தலைவரிடம் நகையாடிக் கூறி, இராமன் அவரைத் தம் துறைக்கு அழைத்துக்கொண்டார் என்பர். இராமனிடம் படிகங்களின் ஒளியியலை ஆராய்ந்து 1947ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த இரண்டாண்டுகள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கேவண்டிசு ஆய்வகத்தில் கழிந்தன. அங்கே ஊஸ்டர் என்பாரின் கீழ் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களை ஆராய்ந்து மற்றொரு முனைவர் பட்டம் பெற்று, 1949ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார்.

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். புதிய இயற்பியல் துறை ஒன்றை அமைக்க விரும்பிய அவர், அதற்குத் தலைவராக இராமனையே அழைத்தார். இராமன் பெங்களூரை விட்டு வர இசையாமல் தம் மாணவரைச் சுட்டினார். இவ்வாறு 1952ஆம் ஆண்டில், 30 வயதளவில், இராமச்சந்திரன் சென்னையில் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார். ஓர் இளைஞரிடம் ஒரு துறையையே ஒப்படைத்த துணைவேந்தரின் துணிவும் பாராட்டத்தக்கதே.

துறை புதிது, கருவிகளையும் மாணவர்களையும் இனித்தான் சேர்க்க வேண்டும். எதை ஆராய்வது என்று எண்ணிக்கொண்டிருந்த அவ்வேளையில், ஜே. டி. பெர்னால் என்னும் ஆங்கிலநாட்டு அறிஞர் சென்னைக்கு வந்தார். கொலாஜனுக்கு அதுவரை சொல்லப்பட்ட அமைப்புகளுள் ஒன்றேனும் பொருந்துவதாக இல்லை என்று அவர் உரையாடலில் குறிப்பிட்டார். அவ்வொரு சொல்லே வித்தாயிற்று. புரதங்களின் அமைப்பை 1951ஆம் ஆண்டில் வெளியிட்டுப் புகழ்பெற்ற அமெரிக்க அறிஞர் பாலிங்கு கூடக் கொலாஜனில் பிழைபட்டிருந்தார். கைவந்தவரே தவறிய பொருளில் புதியவர் ஒருவர் கைவைக்கலாமா என்று பிறர் தயங்கியிருப்பர், இராமச்சந்திரன் தயங்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அண்மையிலேயே 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் பதனிடுவோர் கையாளும் பொருளே கொலாஜனாதலின், அதனை நன்கு அறிந்தோர் அங்கே இருந்தனர். அந்நிலையத்தின் உதவியால் கங்காரு என்னும் விலங்கின் வால் நாண் கிடைத்தது. அதன் இழைகள் ஒரே திசையில் சீராக அமைந்திருத்தலின் எக்ஸ் கதிர்ப்படம் தெளிவாக வந்தது. இராமச்சந்திரனும் அவர்தம் உடனாய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் அப்படத்தை ஆராயத் தொடங்கினர்.

அவர்கள் கண்டது யாது? புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலைகள் போன்றவை. கொலாஜனைப் பகுத்துப் பார்த்த வேதியியலார், அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் அமிலமே என்று முன்னரே கணக்கிட்டிருந்தனர். கிளைசின் மற்றெல்லா மணிகளினும் சிறியது. அதன் பக்கக் கிளை ஒற்றை ஹைட்ரஜன் அணுவே. பிறர் இக்கணக்கைப் படித்துவிட்டு அப்பாற் சென்றனர். இராமச்சந்திரன் அங்கே நின்றார். மூன்றில் ஒன்று என்பது தற்செயலாக அமைந்த விகிதமன்று. மாலையில் ஒவ்வொரு மூன்றாம் மணியும் கிளைசினாக இருத்தல் வேண்டும் என்று துணிந்தார். அவ்வாறாயின் அதற்கு ஒரு காரணமும் இருத்தல் வேண்டும். மூன்று மாலைகள் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் நடுவே இடம் மிகக் குறுகிவிடும். அக்குறுகிய இடத்தில் அடங்கவல்லது கிளைசின் ஒன்றே. ஆகவே கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. இம்முடிவை அவரும் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

அம்முதல் வடிவில் மூன்று இழைகளும் தனித்தனியே சுருண்டு, பக்கம் பக்கமாக நிமிர்ந்து நின்றன. எக்ஸ் கதிர்ப்படத்தோடு அது முற்றும் ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டே அதனைத் திருத்தினர். கயிறு திரிக்கும் இடத்திற்குச் சென்று பார்த்தால் திருத்தம் எளிதில் விளங்கும். கயிறு திரிப்போர் ஒவ்வொரு புரியையும் முதலில் ஒரு பக்கமாக முறுக்குவர். பின் மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவர். இரு முறுக்கும் ஒன்றையொன்று தடுத்து நிற்பதால் கயிறு பிரியாது. கொலாஜனும் அத்தகைய முப்புரிக் கயிறே. ஒவ்வோர் இழையும் இடப்புறமாகச் சுருள்கிறது. மூன்றும் கூடி வலப்புறமாகப் பின்னிக்கொள்கின்றன. திருத்திய இவ்வடிவம் 1955ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே இதழில் வெளிவந்தது.

இனித்தான் இடர் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிசு கிரிக்கும் அலெக்சாந்தர் ரிச்சும் கொலாஜனைப் பற்றித் தம் முடிவை வெளியிட்டனர். கிரிக்கு இரண்டாண்டுக்கு முன்னரே மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டு உலகப் புகழ் எய்தியவர். அவர்களும் பின்னிய முப்புரியையே கூறினர்; அதில் வேறுபாடு இல்லை. ஆனால் இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று மணிக்கு இரண்டு என்று சென்னையார் கூறியிருக்க, ஒன்றே என்று அவர்கள் கூறினர். இரண்டு பிணைப்புகளை அமைக்க முயன்றதால் சென்னை வடிவில் சில அணுக்கள் இருக்கத் தகாத அளவு நெருங்கிவிட்டன என்பது அவர்கள் கூறிய குற்றம்.

இக்குறை இராமச்சந்திரனைப் பெரிதும் வருத்தியது. முப்புரியை முதலில் கண்டவர் தாம் என்பது மறைந்து, பிழைபட்டவர் என்னும் பெயரே நிலைத்துவிடுமோ என்னும் நிலை. ஒரு பக்கம் கேம்பிரிட்ஜின் பெருஞ்செல்வாக்கு. மறுபக்கம் தொடங்கி மூன்றாண்டே ஆன ஒரு துறை. அக்காலத்து எழுத்துகள் பலவற்றில் கொலாஜனின் அமைப்பு கிரிக்கின் பெயராலேயே வழங்கிற்று. அது முறையன்று என்றே யான் கருதுகிறேன். எனினும், குற்றம் கூறியோர் வீணே கூறினாரல்லர் என்பதையும் நடுவு நின்று சொல்லல் வேண்டும். அணுக்கள் நெருங்கியிருந்தது உண்மையே.

இராமச்சந்திரன் செய்த செயலே ஈண்டு நோக்கத்தக்கது. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு உறுதியான அளவுகோல் உண்டா என்று அவர் வினவினார். அத்தகைய அளவுகோலை அந்நாளில் எவரும் முறையாக வகுத்திருக்கவில்லை. அவர் சி. இராமகிருட்டிணன், வி. சசிசேகரன் என்னும் இரு மாணவரோடு அப்பணியில் இறங்கினார். அதுவரை அமைப்பு அறியப்பட்ட படிகங்களை எல்லாம் தேடி, எவ்வணு எவ்வணுவை எவ்வளவு தொலைவில் நெருங்குகிறது என்று தொகுத்தனர். பின்னர்ப் புரதமாலையின் ஒவ்வொரு மணியிடத்தும் இழை திரும்பக்கூடிய இரண்டு கோணங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதும், எவற்றில் மோதா என்று கணக்கிட்டனர். கணிப்பொறிகள் பரவாத காலம் அது. விளைந்தது ஒரு சதுரப்படம். அதில் பெரும்பகுதி விலக்கப்பட்ட இடம். சில சிறு திட்டுகளே ஏற்கத்தக்க இடம். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தை இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் வழங்குகிறது. எந்நாட்டில் எவர் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று சோதிக்க இன்றும் இப்படத்தை விரித்துப் பார்க்கின்றனர். பிறர் கூறிய குற்றம் ஒன்று, கூறியவரும் பயன்கொள்ளும் உரைகல்லாக மாறிற்று.

பிணைப்பைப் பற்றிய வழக்கும் பின்னாளில் ஒருவாறு தீர்ந்தது. இரண்டாம் பிணைப்பு நேரே அமையாமல் நீர் மூலக்கூறு ஒன்றின் வழியாக அமையலாம் என்று 1968ஆம் ஆண்டில் இராமச்சந்திரனும் சந்திரசேகரனும் எழுதினர். கொலாஜனைப் போன்று செய்யப்பட்ட ஒரு சிறு புரதத்தின் படிக அமைப்பு 1994ஆம் ஆண்டில் மிகத் தெளிவாக வெளியாயிற்று. நேர்ப்பிணைப்பு மூன்று மணிக்கு ஒன்றே என்பது அதில் உறுதியாயிற்று. நீர் வழியே அமையும் பாலங்களும் அதில் காணப்பட்டன.

1963ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு சனவரியில் புரதங்களைப் பற்றி உலக அறிஞர் கூடிய கருத்தரங்கு ஒன்றை இராமச்சந்திரன் சென்னையில் நடத்தினார். அதன் கட்டுரைகளை அவரே பதிப்பித்து வெளியிட்டார். அந்நூலில் ஹாட்சு, பெத்ருசுகா என்னும் இருவர், முப்புரிகள் எலும்பிலும் நாணிலும் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று விளக்கியிருந்தனர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். முப்புரி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர், பருமன் 1.5 மட்டுமே. செங்கல் வரிசையைக் கொத்தர் தள்ளித் தள்ளி அடுக்குவது போல, அடுத்தடுத்த முப்புரிகள் 67 நானோமீட்டர் தள்ளி நிற்கின்றன. ஐந்து தள்ளல் சேர்ந்தால் 335 ஆகும். முப்புரியோ 300 தான். ஆகவே ஒன்றன் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்திற்கும் இடையே 35 அளவில் ஒரு வெற்றிடம் தோன்றும். எலும்பின் உப்புப் படிகங்கள் கருக்கொள்ளும் இடங்களுள் தலையாயது இவ்வெற்றிடமே.

தொடக்கத்தில் கூறிய சாரத்திற்கு இப்போது வருவோம். எலும்பு பெரிதாக இழந்தவர்க்கு, அவர்தம் இடுப்பெலும்பிலிருந்தே சிறிது வெட்டி எடுத்து ஒட்டுவது மருத்துவர் வழக்கம். அதனால் இன்னொரு புண்ணும் வலியும் உண்டாகும். எடுக்கத்தக்க அளவும் சிறிதே. ஆதலின் மாற்று தேடினர். மாட்டின் தோலிலிருந்தோ நாணிலிருந்தோ கொலாஜனைப் பிரித்து, மனித உடல் பகைக்கக்கூடிய முனைத்துண்டுகளை நீக்கித் தூய்மை செய்வர். அதனை நீரில் கரைத்து உறையவைத்து, பனிக்கட்டியை ஆவியாகப் போக்கினால், பஞ்சு போன்று நுண்டுளைகள் நிறைந்த பொருள் எஞ்சும். குருதியின் உப்புகளை ஒத்த கரைசலில் அதனை மூழ்கவைத்தால், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட்டு என்னும் உப்பு அதன்மேல் மெல்லப் படியும். எலும்பின் உப்பும் இவ்வினத்ததே. துளைகளின் வழியே குருதி நுண்குழாய்கள் புகும். எலும்பாக்கும் உயிரணுக்கள் வந்து பற்றும். புது எலும்பு தோன்றத் தோன்றச் சாரம் சிறிது சிறிதாகக் கரைந்து மறையும்.

இதில் இரண்டு இடர்ப்பாடுகள் உள. செய்யுங்கால் வெப்பம் மிகுந்தால் முப்புரி பிரிந்துவிடும். பிரிந்த கொலாஜன் கொலாஜனன்று. அது ஜெலட்டின் ஆகும். வச்சிரப் பசை போல் இளகி, எலும்பு வளர்வதற்கு முன்னரே கரைந்துபோகும். முப்புரி குலையாதிருத்தலே சாரத்தின் உயிர். மற்றொன்று, வெளியே பூசிய உப்பு வேறு, உள்ளே ஊடுருவிய உப்பு வேறு. சுவருக்கு வெள்ளை அடித்தால் சுவர் வலுப்பெறாது அன்றோ? இயற்கை எலும்பில் உப்பு வெற்றிடங்களினுள்ளே புகுந்து நிற்கிறது. அமிலத்தன்மையுள்ள சில நீண்ட மூலக்கூறுகளைக் கரைசலில் சேர்த்து, உப்பை அவ்வெற்றிடங்களுக்குள் ஈர்க்கும் முறையை ஆய்வாளர் கண்டுள்ளனர். எனினும் உடலின் முழுப் பாரத்தைத் தாங்கும் வலிமை இச்சாரத்திற்குத் தனியே இல்லை. தொடை போன்ற இடங்களில் உலோகத் தகடும் ஆணியும் துணையாக வேண்டும்.

இத்தகைய சாரங்களை இராமச்சந்திரன் செய்தாரல்லர். அவர் மருத்துவரும் அல்லர். ஆயினும் மருத்துவத்திற்கு அவர் நேரே தந்த கொடை ஒன்று உண்டு. துணைவேந்தர் முதலியார் 1969ஆம் ஆண்டில் பதவியிலிருந்து நீங்கியபின், இராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, தாம் பயின்ற நிறுவனத்திலேயே மூலக்கூற்று உயிரியற்பியல் துறையை நிறுவினார். ஆங்கு 1971ஆம் ஆண்டில், ஏ. வி. இலட்சுமிநாராயணன் என்பாரோடு சேர்ந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கொண்டு பொருளின் உள்வடிவைக் கணக்கால் மீட்டெடுக்க எளிய முறை ஒன்றை வகுத்தார். மருத்துவமனைகளில் சி. டி. ஸ்கேன் எனப்படும் படம் உருவாகும் கணக்கு முறைகளுள் அஃது அடிப்படையானது. எலும்பு எவ்விடத்தில் எவ்வளவு குறைந்துள்ளது என்று மருத்துவர் காண்பதும், சாரம் பொருத்தியபின் புது எலும்பு நிரம்பியதா என்று அறிவதும் அத்தகைய படத்தாலேயே.

1961ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசும், 1977ஆம் ஆண்டில் இலண்டன் அரசுக் கழகத்தின் உறுப்பினர் பதவியும், 1999ஆம் ஆண்டில் படிகவியலாரின் உயர் பரிசாகிய எவால்டு பரிசும் அவருக்குக் கிடைத்தன. நோபெல் பரிசு கிடைக்கவில்லை. முதுமையில் நோய் அவரைத் தளர்த்தியது. 1945ஆம் ஆண்டில் மணந்து அரைநூற்றாண்டுக்கு மேல் உடன்வாழ்ந்த துணைவியார் இராசலட்சுமி 1998ஆம் ஆண்டில் மறைந்தது அவரை மேலும் நலித்தது. 2001ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் இராமச்சந்திரன் சென்னையில் காலமானார்.

கங்காருவின் வால் நாணைத் தேடித்தந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இன்று ஒரு பேரரங்கம் இருக்கிறது. அதற்கு எவர் பெயரையும் சூட்டாமல் டிரிப்பிள் ஹீலிக்ஸ், அதாவது முப்புரிச் சுருள், என்றே பெயரிட்டுள்ளனர்.